விளிம்பில் உடையும் சாலை

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து அடையாறு காந்தி நகரின் குறுக்குத் தெருக்களையோ மயிலாப்பூரின் உட்தெருக்களையோ கவனித்தால் ஒன்று புலப்படும். தார்ப்பரப்பு காய்ந்து வெளுத்திருக்கும். நடுவே ஒரு கறுத்த கோடு மட்டும் ஈரம் விடாமல் நீண்டு கிடக்கும். தார்க்கலவையை விரிக்கும் பேவர் எந்திரம் தெருவை இரண்டு பாதியாக இரண்டு தடவையில் போட்டதன் தடம் அது. அந்தக் கோட்டில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, இறங்கியது எளிதில் வெளியேறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதே கோட்டில் முதலில் பொடி ஜல்லி கழன்று வரும், பிறகு விரல் நுழையும் அளவு பிளவு, அதன் பிறகு வரிசையாகப் பள்ளங்கள்.

சாலை கெட்டது என்றால் உடனே தாரில் கலப்படம், ஜல்லி மோசம், கமிஷன் என்று பேச்சு போகிறது. அதிலெல்லாம் உண்மை இருக்கலாம். ஆனால் நல்ல தாரும் நல்ல ஜல்லியும் போட்ட சாலையும் சென்னையில் ஓரிடத்தில் தவறாமல் முதலில் உடைகிறது: ஒரு தடவை போட்ட தளமும் மறு தடவை போட்ட தளமும் சந்திக்கும் இணைப்பில். சாலைக்காரர்கள் 'ஜாயின்ட்' என்பார்கள். பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் பேருந்துச் சாலைகளும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் உட்புறச் சாலைகளும் இருக்கின்றன. இவற்றில் பேவர் போட்ட நடுக்கோட்டையும், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி மூடிய ஒட்டுகளின் விளிம்புகளையும், பாதாளச் சாக்கடை மூடிகளின் சுற்றளவையும் கூட்டிப் பார்த்தால் சாலையின் நீளத்தைவிட இணைப்பின் நீளம் பன்மடங்கு இருக்கும். அந்த நீளத்தை அளப்பவர் யாருமில்லை. அளக்காததற்குத் தரம் கேட்பவரும் இல்லை.

இணைப்பு ஏன் பலவீனம் என்பதற்கு விடை ரோலரின் அடியில் இருக்கிறது. சூடான கலவை ரோலர் ஏறும்போது இறுக வேண்டுமானால் பக்கவாட்டில் அதைத் தாங்க ஏதாவது வேண்டும். தளத்தின் நடுவில் நாலு பக்கமும் கலவையே தாங்குகிறது. முதல் பாதியைப் போடும்போது அதன் வெளி ஓரத்துக்கு அப்பால் வெற்றிடம்தான். மெரினாவின் ஈர மணலை உள்ளங்கையால் அழுத்தினால் ஓரம் சரிந்து விலகுவதுபோல, கலவை இறுகாமல் பக்கத்தில் நகர்ந்துவிடுகிறது. மறுநாள் இரண்டாவது பாதி வரும்போது இந்த ஓரம் ஆறிக் கெட்டியாகியிருக்கும். சூடான புதுக் கலவை குளிர்ந்த ஓரத்தைத் தொட்டதும் தன் சூட்டை இழக்கும். புதுப் பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் போடப்பட்டிருந்தாலோ ரோலரின் எடை முழுவதையும் ஏற்கெனவே இறுகிய பழைய பக்கமே ஏந்திக்கொள்ளும், புதுப் பக்கத்து விளிம்பு அழுத்தம் படாமல் தப்பிவிடும். ஆக, இணைப்பின் இரு கரையும் இளகல்.

இறுகிய தார்க்கலவையிலும் காற்றிடைவெளி இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆய்வகத்தில் வடிவமைக்கும்போது 3 முதல் 5 விழுக்காடு. சாலையில் போட்டு உருட்டி முடித்தவுடன் 7, 8 விழுக்காடு. எட்டைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு தண்ணீர் ஊடுருவத் தொடங்கும். தளத்தின் நடுவில் 7 இருக்கும் சாலையில் இணைப்பில் 10, 12 என்று போவதை தளத்தைத் துளைத்து உருளையாக எடுக்கும் மாதிரிகளில் அமெரிக்காவில் நடந்த கோர் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இங்கே நிலைமை அதைவிட மேலாக இருக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

சென்னையில் இரண்டு சங்கதிகள் இதைக் கூட்டுகின்றன. முதலாவது, தளத்தின் கனம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தர விதிநூல் (ஐந்தாம் திருத்தம், 2013) பிட்டுமினஸ் கான்கிரீட்டின் இரண்டாம் வகைக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் கனத்தை அனுமதிக்கிறது. அந்த வகையின் பெயரளவு ஜல்லி அளவு 13.2 மில்லிமீட்டர். உலகின் பிற இடங்களில் ஒரு தளத்தின் கனம் ஜல்லி அளவைப்போல் மூன்று, நான்கு மடங்காவது இருக்கவேண்டும் என்பது வழக்கு. 30 மில்லிமீட்டர் அந்தக் கணக்கில் தேறாது. ஜல்லிகள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு இடம்பிடிக்க இடமில்லாமல் ரோலரின் அடியில் நொறுங்கும். கனம் குறைந்தால் சூடும் விரைவாகப் போகும். வி.ஜி.30 தாருக்கு விரிக்கும்போது குறைந்தது 140 பாகை செல்சியஸ், உருட்டி முடிக்கும்போது 90 பாகை என்பது விதி. கலவை ஆலைகள் நகருக்கு வெளியே. டிப்பர் லாரி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நகர நெரிசலைத் தாண்டி தி. நகர் வந்து, தெருமுனையில் நிறுத்திய கார் நகரக் காத்திருந்து கொட்டும்போது, லாரியின் ஓரங்களில் ஒட்டியிருந்த கலவை ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும். அந்த ஆறின கட்டிகள் பெரும்பாலும் பேவரின் இரு ஓரங்களுக்குத்தான் வந்து சேரும். இணைப்பு அமையும் இடமும் அதுவே.

இரண்டாவது, கல். சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் கருங்கல் ஜல்லியில் பெரும்பங்கு சார்னகைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை அது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல்லும் இதே இனம் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தப் பெயரை வைத்தார். கட்டடத்துக்கு உறுதியான கல். ஆனால் சிலிகா மிகுந்த கற்கள் தாரைவிடத் தண்ணீரை அதிகம் நேசிப்பவை. ஈரம் தொடர்ந்து நின்றால் கல்லைச் சுற்றிய தார்ப்படலத்தை விலக்கிவிட்டுத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். இளகிய இணைப்பு, தண்ணீரை விரும்பும் கல், விடாத மூன்று மாத ஈரம், மேலே பேருந்துச் சக்கரம். பள்ளம் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிளாஸ்டிக் சாலை இங்கே உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த அந்த முறை சென்னைக்குப் புதிதல்ல, நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே போடப்பட்டது. சூடான ஜல்லியின் மேல் உருகிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் கல்லை அணுகுவது குறைகிறது. கல்லுக்கும் தாருக்கும் உள்ள சிக்கலுக்கு அது மருந்து. ரோலர் படாத விளிம்பை அது இறுக்காது.

அயல்நாடுகளில் இந்த இணைப்பு பற்றித் தனி ஆய்வுத்துறையே இருக்கிறது என்று சொல்லலாம். அதில் முன்னணியில் நின்றவர் இந்தியரான பிரித்வி சிங் காந்தல். பென்சில்வேனியா சாலைத்துறையிலும், பிறகு ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிய ஆஸ்பால்ட் தொழில்நுட்ப மையத்திலும் இருந்தவர். இந்தியச் சாலை விதிகளைத் திருத்தவும் பின்னாளில் விடாமல் வாதாடினார். 1990களில் மிச்சிகன், விஸ்கான்சின், கொலராடோ, பென்சில்வேனியா மாநிலங்களில் ஒரே சாலையில் அடுத்தடுத்த துண்டுகளில் வெவ்வேறு இணைப்பு முறைகளைப் போடவைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒப்பிட்டார். பென்சில்வேனியாவில் மட்டும் எட்டு முறைகள். ரப்பர் கலந்த தார்ப்பசையைக் குளிர்ந்த விளிம்பில் பூசிய துண்டு அங்கே முதலிடம் பெற்றது. இளகிய ஓரத்தைச் சக்கரக் கத்தியால் வெட்டித் தள்ளிவிட்டுச் சேர்த்த துண்டு அடுத்தது. மிச்சிகன் மாதிரியில் விளிம்பை நேர்க்குத்தாக விடாமல் மேலே சிறு படியும் அதன் கீழே 12க்கு 1 சாய்வுமாக முடித்தது நன்றாக நின்றது. ரோலர் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்பதற்கும் விடை கிடைத்தது: சூடான பக்கத்தில் ஓட வேண்டும், முதல் ஓட்டத்தில் இணைப்பிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி. அப்போது நடுவில் சிக்கிய கலவை குளிர்ந்த விளிம்பின் மேல் போய் நெருக்கிக்கொள்கிறது.

இவை எதற்கும் பெரிய செலவு கிடையாது. பேவர் போடும்போது பழைய விளிம்பின் மேல் 25 முதல் 40 மில்லிமீட்டர் ஏற்றிப் போடுவது, இறுகிய பின் 25 மில்லிமீட்டர் வரவேண்டிய தளத்துக்கு 6 மில்லிமீட்டர் கூடுதல் உயரம் விடுவது, ரேக் பிடிப்பவர் அந்த ஏற்றிய கலவையைத் தளம் முழுக்க வாரி இறைக்காமல் இருப்பது எல்லாம் பழக்கம் சார்ந்தவை. கடைசியாகச் சொன்னது சென்னைத் தெருக்களில் தினமும் மீறப்படுகிறது. இணைப்பில் சற்று மேடு தெரிந்தால் அழகு கெட்டுவிட்டது என்று தொழிலாளி அதை ரேக்கால் இழுத்துப் புதுத் தளத்தின் மேல் தூவிவிடுகிறார். இணைப்பை நிரப்ப வேண்டிய கலவை அங்கேயே போய்விட்டது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேடாக விடு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, மேடு தெரிந்தால் திட்டுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

நம் விதிநூலும் வாய்மூடி இருக்கவில்லை. குளிர்ந்த விளிம்பை நேர்க்குத்தாக வெட்டித் தார் பூச வேண்டும், மேல்தளத்தின் இணைப்பு கீழ்த்தளத்தின் இணைப்புக்கு நேர் மேலே வரக்கூடாது, சக்கரம் ஓடும் தடத்தில் இணைப்பு அமையக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. பன்னிரண்டு அடித் தெருவில் சக்கரம் ஓடாத தடம் எது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

வெளியூர் வைத்தியம் எல்லாவற்றையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்களிலும் குளிர்ந்த விளிம்பை அகச்சிவப்பு ஹீட்டரால் சூடாக்கிச் சேர்க்கிறார்கள். உறைபனியில் நீர் பனிக்கட்டியாகி இணைப்பைப் பிளக்கும் நாடுகள் அவை. சென்னையில் மே மாதம் நண்பகலில் தார்ப்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தொடுகிறது, இரவிலும் வெதுவெதுப்பு விடாது. இங்கே குளிர் எதிரி இல்லை, இளகலும் தண்ணீரும்தான். இல்லினாய் மாநிலம் கையாளும் முறை நமக்கு அதைவிடப் பொருந்தும். இணைப்பு வரப்போகும் கோட்டில் கனமான பாலிமர் தார்ப்பட்டையை முன்கூட்டியே விரித்துவிட்டு மேலே தளம் போடுகிறார்கள். கலவையின் சூட்டில் அது உருகி மேலேறிக் காற்றிடைவெளிகளை அடைக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் தார் இருக்கும் ஊரில் இதற்கான சரக்கு கிடைக்காமல் போகாது. ஜி.என். செட்டி சாலை, வெங்கடநாராயணா சாலை போன்ற அகலச் சாலைகளில் இன்னும் சிறந்த வழி உண்டு: இரண்டு பேவர்கள் சற்று முன்பின்னாகச் சேர்ந்தே ஓடுவது. இரு பாதியும் சூடாகவே சந்திப்பதால் இணைப்பு என்று ஒன்றே கிட்டத்தட்ட இராது. அதற்கு ஆலையிலிருந்து இரட்டிப்பு லாரிகள் இடைவிடாமல் வரவேண்டும், சாலையை முழு இரவுக்கு மூட வேண்டும். தி. நகரில் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அதை யாரும் கேட்கவும் முடியாது.

உட்தெருக்களில் விஷயம் வேறு. மயிலாப்பூர், அடையாறு தெருக்கள் பலவற்றின் தார்ப்பரப்பு ஐந்து மீட்டருக்குள். கலவையைச் சமன்செய்யும் ஸ்க்ரீட் தட்டு அகலமாக விரியும் பேவர் இரண்டரை மீட்டரிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை ஒரே ஓட்டத்தில் போடும். அப்படியானால் நடுக்கோடு ஏன் வருகிறது? ஓரத்தில் நிற்கும் கார்களால். இரவு பதினோரு மணிக்குப் பேவர் வந்து நிற்கிறது, ஆறேழு கார்களின் உரிமையாளர்கள் தூங்குகிறார்கள் அல்லது ஊரில் இல்லை. காலியான பாதியைப் போட்டுவிட்டு மறுபாதிக்கு இன்னொரு நாள் வருகிறார்கள். சில இடங்களில் காரைச் சுற்றியே போட்டுவிடுகிறார்கள், காரின் வடிவத்தில் பழைய தளம் எஞ்சுகிறது. தெருவின் ஆயுளைக் குறைக்கும் ஒரு கோட்டை, வாகனம் நிறுத்தும் பழக்கம் வரைந்து வைக்கிறது. இதற்குப் பொறியியல் தீர்வு தேடுவது வீண். இரண்டு நாள் முன்னதாக அறிவிப்பு, மாற்று நிறுத்த இடம், கடைசியில் இழுவை வண்டி.

மாநகராட்சியின் கையில் இலவசமாகவே விழுந்த ஒரு வாய்ப்பு இன்னும் பயன்படாமல் கிடக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். வீட்டு வாசலைவிடச் சாலை உயர்ந்துகொண்டே போய் வெள்ளம் வீட்டுக்குள் வருவதைத் தடுப்பது அதன் நோக்கம். இணைப்பு பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மில்லிங் எந்திரம் ஓடிய பள்ளத்துக்கு இரு பக்கமும் நேர்க்குத்தான சுவர் கிடைக்கிறது. ஒரு பாதியை மட்டும் சுரண்டி உடனே நிரப்பினால், புதுக் கலவையின் ஓரத்தை மறுபாதியின் பழைய தளமே தாங்கும். ரோலர் அழுத்தும்போது விலகி ஓட இடமில்லை. மறுபாதியைச் சுரண்டும்போது புதுத் தளத்தின் ஓரத்தில் அரைச் சாண் அகலத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால் இளகிய பகுதி முற்றிலும் போய்விடும். இப்போதைய வழக்கம் இதற்கு நேர்மாறு. தெரு முழுவதையும் ஒரே இரவில் சுரண்டிப் போட்டுவிட்டு, நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் அப்படியே விடுகிறார்கள். இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்குகிறார்கள், புழுதி படிகிறது, அந்தப் புழுதி மேலேயே, இரு தளங்களை ஒட்டவைக்கும் டேக் கோட் தாரைத் தெளிக்கிறார்கள். வேலை வரிசையை மாற்றினாலே போதும். கூடுதல் பணம் கேட்காத சீர்திருத்தம் இதைவிட வேறில்லை.

இதுவரை சொன்னது பேவர் உண்டாக்கும் இணைப்பு. சென்னைவாசி உண்மையில் அவதிப்படுவது தோண்டி மூடிய ஒட்டுகளின் விளிம்பில். குடிநீர் வாரியம், மின்வாரியம், கேபிள் நிறுவனங்கள், வடிகால் பணி என்று ஒவ்வொன்றும் ஒரு முறை வெட்டினால் நாலு பக்கமும் புது இணைப்பு. ஒவ்வொரு வட்டாரத்திலும் மண் வேறு, ஆகவே கெடும் விதமும் வேறு. தி. நகர் 1920களில் நெடிய ஏரியை வடித்து எழுப்பிய ஊர், அடியில் களிமண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்த மண்ணைத் தோண்டித் திரும்பக் கொட்டினால் மாதக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதனால் உஸ்மான் சாலைப் பக்கத்துத் தெருக்களில் ஒட்டு பள்ளமாகிறது. அடையாறும் சாந்தோமும் மணல். அங்கே குழி வெட்டும்போதே பக்கச் சுவர் சரிந்து, மேலே தார் அப்படியே இருக்க அடியில் வெற்றிடம் உண்டாகிறது. ஒட்டு நன்றாக நிற்கும், அதைச் சுற்றியிருக்கும் பழைய சாலை ஒரு அடி அகலத்துக்கு உள்ளே இறங்கும். முதல் வகைக்கு வேண்டியது அடுக்கடுக்காக இறுக்கிய நிரப்பல், அதிலும் தோண்டிய களிமண்ணைத் திரும்பப் போடாதிருத்தல். இரண்டாவதற்கு, குழியின் அகலத்தைவிட இரு பக்கமும் கூடுதலாகத் தார்த்தளத்தை வெட்டி எடுத்து, கலையாத மண்ணின் மேல் ஒட்டின் விளிம்பு உட்காரும்படி போடுவது. இரண்டுக்கும் ஒரே விலைப்பட்டியல், ஒரே முறை என்று ஒப்பந்தம் போடுவதுதான் தவறு.

சான் பிரான்சிஸ்கோ நகரம் 1990களில் தோண்டலால் சாலை ஆயுள் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அந்த இழப்பைத் தோண்டுபவரிடம் வசூலிக்கவும், புதுச் சாலையை ஐந்து ஆண்டுகள் வெட்டத் தடைவிதிக்கவும் செய்தது. சென்னை மாநகராட்சியும் சாலை வெட்டுக் கட்டணம் வாங்குகிறது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோண்டத் தடையும் போடுகிறது. ஆனால் கட்டணம் வெட்டிய பரப்புக்குத்தான், சுற்றியுள்ள சாலை இழக்கும் ஆயுளுக்கு அல்ல. பெங்களூருவின் டெண்டர்ஷ்யூர் சாலைகள் இன்னொரு வழியைக் காட்டின. குழாய், கேபிள் எல்லாவற்றையும் நடைபாதைக்கு அடியில் கொண்டுபோய்விட்டால் தார்ப்பரப்பை வெட்ட வேண்டிய தேவையே குறைகிறது. அகலச் சாலைக்கு அது சரி. நடைபாதையே இல்லாத மயிலாப்பூர்ச் சந்துக்கு அதனால் பயனில்லை. அங்கே கழிவுநீர்க் குழாய் தெருவின் நடுவில்தான் போகும், மூடியும் நடுவில்தான் இருக்கும். மில்லிங்கும் மறுதளமும் முடிந்தபின் மூடியை உயர்த்தவோ தாழ்த்தவோ சுற்றிலும் கையால் உடைத்துச் சிமென்ட் பூசுகிறார்கள். தெருவின் புதுத் தளத்தில் முதல் ஓட்டை, போட்ட வாரத்திலேயே.

இத்தனையையும் நிறைவேற்றும் நெம்புகோல் அளவைப் புத்தகத்தில் இருக்கிறது. தார்த்தளம் கன மீட்டரில் அளக்கப்படுகிறது, டேக் கோட் சதுர மீட்டரில். இணைப்புக்கு மீட்டர் கணக்கில் ஒரு வரி இருப்பது அரிது. விளிம்பு வெட்டுவதும் தார் பூசுவதும் 'வேலையில் அடக்கம்'. அடக்கம் என்றால் செய்யாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. தரச் சோதனைக்குக் கோர் எடுப்பதும் தளத்தின் உடலில்தான். பென்சில்வேனியா இணைப்பின் மேலேயே கோர் எடுக்கத் தொடங்கியது. அடர்த்தி எட்டினால் ஒப்பந்தக்காரருக்கு ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் பிடித்தம். அதன்பின் அங்கே இணைப்பின் அடர்த்தி ஏறியது. எந்த முறையில் செய் என்று அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிவரவில்லை. கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமும், அடையாறு ஓரத்தில் தார் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராயும் ஐ.ஐ.டி.யும் இருக்கும் ஊரில் இணைப்பு மேல் நாலு கோர் எடுத்து அடர்த்தி பார்ப்பது ஆள் பஞ்சத்தால் நின்றுபோகும் வேலை அல்ல.

இதை இப்போதே எழுத ஒரு காரணம் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. லஸ், மந்தைவெளி, அடையாறு சந்திப்பு, பனகல் பூங்கா என்று தென்சென்னையின் முக்கியச் சாலைகளின் அடியில் கான்கிரீட் பெட்டிகளாக நிலையங்கள் எழுகின்றன. தடுப்புகளை அகற்றிச் சாலையைத் திருப்பித் தரும் நாளில் ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும், அசையாத கான்கிரீட்டும் அமிழும் நிரப்பு மண்ணும் ஒரே தார்த்தளத்தின் கீழே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே மாறுதள அடுக்கு எத்தனை மீட்டர், தளத்தின் அடியில் வலைப்படுகை உண்டா, நிரப்பு மண் அமிழ எத்தனை மாதம் விட்டு இறுதித் தளம் போடுவது, அந்த இணைப்பு ஐந்தாண்டுக்குள் வாய்பிளந்தால் பொறுப்பு மெட்ரோவுக்கா மாநகராட்சிக்கா நெடுஞ்சாலைத் துறைக்கா என்பவை ஒப்படைப்புக் கோப்பில் கையெழுத்தாகும் முன்பே எழுதப்பட வேண்டியவை.